காபிக் கறை

விமானம் சாயும். படம் சாயாது.
பழகவே எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.
குடல் ஒரு பக்கம் புரளும்போது
எதிரே திரையில் ஐடஹோவின் சாம்பல் நிலம்
ஆணியடித்து மாட்டியதுபோல் கிடக்கும்.

இறக்கைக்கு அடியில் தொங்கும் உருளைக்குள் ஒரு பந்து,
பந்துக்குள் கண்.
காற்று எந்தப் பக்கம் உலுக்கினாலும்
சுழலிகள் அதை முதலில் அறிந்து
அதே அளவு எதிர்ப்பக்கம் திருப்பிவிடும்.
அதையும் மீறித் தப்பி வரும் நடுக்கத்தை
நகத்தளவுக் கண்ணாடி ஒன்று துடைத்தெடுக்கும்.
இமை மட்டும் அதற்கு வைக்கவில்லை.

அன்றைய பயிற்சி:
ஓடும் வண்டி ஏதாவது ஒன்றைப் பிடி,
பத்து நிமிடம் விடாதே.
ஒவைஹீ பாலை. மார்ச். விடியப்போகிறது.
மண்சாலையில் ஒரு பிக்கப்,
பின்தட்டில் குறுக்காக ஒரு தண்ணீர்த் தொட்டி.
இன்ஜின் வெள்ளை, டயர் வெள்ளை, மற்றதெல்லாம் கரி.
கட்டைவிரலால் குறுக்குக்கோட்டை நகர்த்தி அழுத்தினேன்.
சின்னப் பெட்டி அதன் விளிம்புகளைத் தடவிப் பார்த்து
சுருங்கி
கவ்விக்கொண்டது.

கண்கொத்திப் பாம்பு என்பார்களே, அது.
பாப்லர் மரங்களுக்குப் பின்னே வண்டி மறைந்தபோது
பெட்டி நிற்கவில்லை.
போன வேகத்திலேயே இலையில்லாக் கிளைகள்மேல் ஊர்ந்தது.
வண்டி மறுபக்கம் வெளிவந்தபோது
அங்கே முன்பே காத்திருந்தது.
எனக்கு அது பிடித்திருந்தது. சொல்ல வெட்கம்தான்.

வண்டி நின்றது.
சுடர்போல் ஓர் ஆள் இறங்கினான், பின்னால் புள்ளியாய் நாய்.
சரிவு முழுக்க அரிசி சிந்தியதுபோல் ஆடுகள்.

சூரியன் வந்தது.
இந்த வேளையைப் பற்றி வகுப்பில் எச்சரித்திருந்தார்கள்.
காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம்
இரும்பும் மண்ணும் ஒரே சூட்டுக்கு வரும்.
பொருள் இருக்கும், வேறுபாடு இருக்காது.
கதவு கரைந்தது. கூரை கரைந்தது. தொட்டியும் போயிற்று.
இன்ஜினின் மிச்சச் சூட்டைக் கட்டிக்கொண்டு
பெட்டி தடுமாறியது.

அப்போது அவன்
கோப்பையில் மிஞ்சியதைத் தரையில் வீசினான்.

பெட்டி வண்டியை விட்டது.
ஆளைத் தாண்டியது.
கறையைக் கவ்வியது.

ஐந்து மைல் தள்ளி,
மணிக்கு நானூறு மைல் வேகத்தில்,
ஒரு பக்கம் சாய்ந்து வட்டமிட்டபடி,
ஆறிக்கொண்டிருக்கும் அரைக்கோப்பைக் காபியை
நாங்கள் இமைக்காமல் பார்த்தோம்.
வெள்ளை சாம்பலாயிற்று. சாம்பல் மண்ணாயிற்று.
பெட்டி இன்னும் கொஞ்ச நேரம்
எதுவுமில்லாததைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு
அவிழ்ந்தது.

அதன் பிறகுதான் அவன் தலை தூக்கினான்.
எங்கள் சத்தம் போய்ச் சேர இருபத்துநான்கு நொடி.
நாங்கள் இருந்த இடத்தைப் பார்த்தான்,
இருக்கும் இடத்தை அல்ல.

"ஏன் தாவியது?" பதிவை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக் கேட்டார்
மேஜர் ஹோல்ம்ஸ்ட்ரம்.
"காபி" என்றேன்.
சிரித்தார். படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
'வெப்பச் சமநிலை, பிடி இழப்பு' என்று எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து
புரூனோ ஊர் பெட்ரோல் பங்கில் அந்தத் தண்ணீர்த் தொட்டி.
அதைச் சுமந்த வண்டி சிவப்பு.
அதற்கொரு நிறம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.
கல்லாவிலிருந்த பெண்
"டியோபிலோ, மூடியை மறந்துட்டே" என்று கத்த,
காது மூடும் கம்பளித் தொப்பியோடு ஒருவன் திரும்பினான்.
ஆண்டிஸ் மலைக்காரன். என்னைவிடச் சின்னவன்.
ஆட்டு வாடை.

கல்லடி படலாம், கண்ணடி படக்கூடாது என்பார்கள்.
பட்டதன் தடம் எதுவும் அவன்மேல் இல்லை.
இரண்டு கையிலும் சாமான், ஒன்றில் ஆவி விடும் கோப்பை.
காலால் கதவைத் தாங்கிப் பிடித்தான், எனக்காக.
"குட் மார்னிங்" என்றான்.

நான் கோப்பையைப் பார்த்தேன்.
பிறகு தரையை.
சமதரையில் இடறி உள்ளே போனேன்.
நாய் மட்டும் வண்டியிலிருந்து
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.